ஆலந்தலைக்காரரின் ஷோர் லீவ்

1. தண்ணீர் அளக்கும் வேலை

கப்பல் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வாட்டர் கிளார்க் வேலை கிடைத்தபோது, நாசரேத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று புரியவில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகன் வங்கிக்குப் போவான் என்று நினைத்திருந்தவர். "பி.காம். படிச்சிட்டு தண்ணி அளக்கப் போறியாலே?" என்று கேட்டார். எனக்கே அப்போது சரியாகத் தெரியாது.

கப்பல் துறைமுகத்துக்குள் வந்து பெர்த் என்கிற மேடையோரம் கட்டியதும் முதலில் ஏறுகிறவன் வாட்டர் கிளார்க். கையில் ஒரு கட்டுக் காகிதம் இருக்கும். கேப்டனுக்கு என்ன வேண்டும், கப்பலில் யாருக்குக் காய்ச்சல், யாருக்குப் பல்வலி, எத்தனை பேர் கரைக்கு வருகிறார்கள், எல்லாம் அவன் பாடு. கேங்வே என்கிற அந்த ஆடும் ஏணியில் ஏறி இறங்கியே என் முழங்கால் இரண்டும் போயின. இப்போது மில்லர்புரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படி ஏறுவதற்கே யோசிக்கிறேன்.

முதல் நாள் ஒரு பிலிப்பைன்ஸ்காரர், டெக் ஆட்களுக்கு மேஸ்திரியான போசன், என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" நான் யோசிக்காமல் பதில் சொன்னேன்: "இங்கே ஒன்றுமில்லை, திருச்செந்தூர் போகலாம்." தூத்துக்குடிக்காரன் எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஊரில் பிறந்து வளர்ந்தவனும் சொல்வான், என்னைப்போல் வந்து குடியேறியவனும் சொல்வான். போசன் சிரித்துவிட்டார். அவருக்குக் கோவில் வேண்டாமாம், முடி வெட்ட வேண்டுமாம்.

2. ஊர் சுற்றிக் காட்டும் வரிசை

அன்றைக்குப் பிடித்த வரிசைதான். பிறகு எந்த நாட்டுக்காரர் வந்தாலும் நான் அதை மாற்றியதில்லை.

முதலில் சலூன். கப்பலில் ஒருவருக்கொருவர் மெஷினை வைத்துத் தலையை வழித்துக்கொள்வார்கள். அது முடிவெட்டு ஆகாது. ஆடாத நாற்காலியில் சாய்ந்து, முகத்தில் சுடுதுண்டு போட்டு, தெரியாத ஒருவர் கன்னத்தைப் பிடித்து மழித்துவிடுகிற சுகம் கடலில் கிடையாது. கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் முத்தையா அண்ணாச்சி கடை இருக்கிறது. பாதிப் பேர் அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போவார்கள்.

சலூன் முடிந்தால் சிம் கார்டு. அதன்பின் ஒரு பேக்கரியில் மக்ரூன், கப்பலில் இருக்கும் கூட்டாளிகளுக்கும் சேர்த்து. அப்புறம் மாதா கோவில். கடற்கரை ரோட்டில் பழைய ஹார்பர் பக்கம் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை. கடைசியில் எண்ணெயில் பொரித்த பரோட்டா. சிலர் முத்து கேட்பார்கள். முத்துநகர் என்று ரயிலுக்குத்தான் பெயர் இருக்கிறது, கடையில் இருக்கிற முத்து ஐதராபாத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவேன். வியாபாரிகளுக்கு என்மேல் கோபம் உண்டு.

இவ்வளவுதான் சுற்றுலா. எத்தனை தடவை சுற்றிக் காட்டினேன் என்று எனக்கே தெரியாது. மாதா கோவில் கோபுரத்தை நான் பார்ப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. வண்டியை எங்கே நிறுத்துவது என்றுதான் பார்ப்பேன்.

3. டவுனைத் தாண்டக் கூடாது

சில வருஷத்துக்கு முன் நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது. வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டியது, கடைசி நேரத்தில் உத்தரவு மாறி இங்கே திரும்பிவிட்டது. காகிதத்தோடு ஏறியபோது டெக்கில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

நாசரேத் என்றேன்.

"நமக்கு ஆலந்தலை" என்றார்.

திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடலோர ஊர். பெயர் ஜெரால்டு. முப்பது வயதிருக்கும். கருகருவென்று நெஞ்சைத் தொடும் தாடி. ஏபி என்கிற டெக் வேலை. முக்கால் வருஷமாகக் கடலில். ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதம் இருந்தது. கப்பல் அவர் வீட்டுக்கு ஒரு பஸ் பயணத் தூரத்தில் வந்து கட்டிக் கிடக்கிறது, அவர் நினைத்தபடி இறங்கி வீட்டுக்குப் போக முடியாது.

"நான் கெளம்பும்போது பிள்ளை தவந்துக்கிட்டு கெடந்தா அண்ணாச்சி. இப்ப ஓடுதாளாம். ஒரு தடவ தூக்கிட்டு வந்திருதேன், கேப்டன்ட்ட சொல்லுங்க."

கேப்டனிடம் சொன்னேன். மதியம் முதல் சாயங்காலம் ஆறு மணிவரை ஷோர் லீவ், கரையிறங்க அனுமதி, கொடுத்தார். இரண்டு நிபந்தனை: டவுனைத் தாண்டக் கூடாது, ஏஜென்ட் ஆள் கூடவே இருக்க வேண்டும். இரவு கப்பல் கிளம்புகிறது, ஆள் குறைந்தால் அவருக்கும் சிக்கல்.

எங்கள் மேனேஜருக்குப் போன் பண்ணினேன். அவருக்கு எதிலும் நல்லது தோன்றாது.

"சாமுவேலு, அவன் உள்ளூர்க்காரன்வே. கரையில கால வச்சான்னா பஸ் ஏறி வீட்டுக்குப் போயிருவான். அப்புறம் கப்பல்காரன் நம்ம கழுத்தப் பிடிப்பான். நீரு அட்டை மாதிரி ஒட்டிக்கிடணும், கேட்டீரா?"

அன்று டிரைவர் வேறு லீவு. வண்டியும் என் தலையில் விழுந்தது. முந்தின இரவு இரண்டு கப்பல் பார்த்து, தூக்கமில்லாமல் கண் எரிந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வெயிலில் ஊர் சுற்றுவதற்கு எனக்குக் கொஞ்சமும் மனமில்லை. அதை மறைக்கவும் இல்லை.

ஜெரால்டு மனைவி ராணிக்குப் போன் பண்ணி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதா கோவிலுக்கு வந்துவிடச் சொன்னார். வண்டி துறைமுக வாசலைத் தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றி ஒரு பைக்குள் போட்டபடி கேட்டார்: "அவ பஸ்ஸு வர நேரம் கெடக்கு. அதுக்குள்ள ஒரு சலூனுக்குப் போவமா? தாடி எடுக்கணும். அவளுக்கு இந்தத் தாடியே பிடிக்காது. போன்ல பாக்கும்போதெல்லாம் ஏசுவா."

வண்டி தானாகவே அந்தச் சந்துக்குத்தான் திரும்பியிருக்கும்.

முத்தையா அண்ணாச்சி கத்தரி போட்டு, பிளேடு போட்டு, சுடுதுண்டு போட்டு எடுத்தபோது நாற்காலியில் வேறு ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். தாடைப் பக்கம் மட்டும் வெளுத்து, நெற்றியும் மூக்கும் கறுத்து, கல்லூரிப் பையன் மாதிரி இருந்தார். "மாப்பிள்ள, இப்பத்தான் பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கீரு" என்றார் முத்தையா அண்ணாச்சி. ஜெரால்டு கண்ணாடியில் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நல்ல சட்டை ஒன்றைக் கப்பலிலிருந்தே கொண்டுவந்திருந்தார். அதை அங்கேயே மாற்றிக்கொண்டார்.

4. "மாமா"

மாதா கோவில் வாசலில் ராணி பிள்ளையோடு நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. ஜெரால்டு வண்டியிலிருந்து இறங்கி ஓட்டமாகப் போனார். அவள் ஒரு கணம் திகைத்து, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்ன இது, இப்படி வழிச்சிட்டு வந்து நிக்கீய?"

"நீதான புடிக்கலன்ன."

"நான் ஆயிரம் சொல்லுவேன்!"

அவர் பிள்ளைக்குக் கையை நீட்டினார். "ஷைனி, வா மக்ளே. அப்பா வந்திருக்கேன் பாரு."

பிள்ளை அவரைப் பார்த்தது. அம்மாவின் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட்டது.

பஸ்ஸில் வந்த அலுப்பு, கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்று ராணி சொன்னாள். கோவிலுக்குள் போனோம். ஜெரால்டு மெழுகுவர்த்தி ஏற்றி, பிள்ளை பார்க்கட்டும் என்று பக்கத்தில் கொண்டுவந்தார். பிள்ளை மெழுகுவர்த்தியைப் பார்த்தது. அதைப் பிடித்திருந்த ஆளைப் பார்க்கவில்லை. விரலால் அதன் கன்னத்தைத் தொட்டார். வீல் என்று கத்தியது. முன்வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளை பிடிக்க வந்தவனைப் பார்க்கிற பார்வை அது. ஜெரால்டு கையை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்து ராணி போனில் ஒரு படத்தைக் காட்டினாள், ஹெல்மெட்டும் தாடியுமாக ஜெரால்டு. "இது யாரு பிள்ள?"

"அப்பா" என்று பிள்ளை படத்துக்கு முத்தம் கொடுத்தது.

"அப்ப இவிய யாரு?"

பிள்ளை பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால் பார்த்தது. "மாமா."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஜெரால்டும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இல்லை. "தள்ளி நின்னு வீடியோ கால் போடுங்களேன்" என்றாள் ராணி. அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நேர்ல வந்து நின்னுக்கிட்டு போன்லயா பேசணும்? ஏளா, முக்கா வருஷம் அதத்தான செஞ்சேன்?"

அதற்குப்பின் நான் என்னுடைய வரிசையை எடுத்துவிட்டேன். வேறு எனக்கு என்ன தெரியும்?

பேக்கரிக்குப் போனோம். ஜெரால்டு மக்ரூன் ஒன்றை எடுத்து நீட்டினார். பிள்ளை வாங்கவில்லை. அதே மக்ரூனை அவர் கையிலிருந்து வாங்கி நான் நீட்டினேன். வாங்கிக் கடித்தது. முன்பின் தெரியாத வழுக்கைத் தலைக் கிழவன் நான், என்னிடம் வாங்குகிறது. எனக்கு மண்ணுக்குள் புதைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

கடற்கரைப் பக்கம் ஒரு பூங்காவில் ஊஞ்சல் உண்டு. ராணி பிள்ளையை அதில் உட்கார வைத்து முன்னால் நின்றாள். ஜெரால்டு பின்னால் நின்று மெல்லத் தள்ளினார். பிள்ளை சிரித்தது. "இன்னும், இன்னும்" என்றது. அவர் தள்ளத் தள்ள அது கெக்கலித்துச் சிரித்தது. அந்த ஐந்தாறு நிமிஷம் ஜெரால்டின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு யார் தள்ளுகிறார்கள் என்று பிள்ளை கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அத்தோடு சரி. ஊஞ்சலை நிறுத்தி இறக்கிவிட வேண்டியதாயிற்று.

நடுவில் மேனேஜர் போன். "ஆள் கூட இருக்கானாவே?"

"இருக்காரு."

"என்ன செய்யுதான்?"

"பிள்ளைக்குப் பின்னால அலையுதாரு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழைய ஹார்பர் பக்கம் நடந்தோம். தோணி ஒன்றில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பிள்ளை கையைத் தட்டி, "அப்பா கப்பல்! அப்பா கப்பல்!" என்றது. தோணியைப் பார்த்து டாட்டா காட்டியது. அதற்கு இரண்டடி தள்ளி ஜெரால்டு நின்றுகொண்டிருந்தார். அவர் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். ராணி முந்தானையால் பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற மாதிரி தன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரோட்டாக் கடையில் யாருமே ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பொரித்த பரோட்டா ஆறினால் வறட்டியாகிவிடும். எங்கள் மேஜையில் மூன்று தட்டு ஆறிக் கிடந்தது. கடைக்காரர் என்னைத் தெரிந்தவர், என்ன குறை என்று வந்து கேட்டார். குறை பரோட்டாவில் இல்லை என்றேன்.

"இனி வீட்டுக்குப் போறப்பவும் இப்படித்தான் அண்ணாச்சி" என்றார் ஜெரால்டு. "இன்னும் சில மாசம் கழிச்சு எறங்குவேன். வீட்டுல ரெண்டு மாசம் இருப்பேன். அவ பழகி வாரதுக்குள்ள அடுத்த கப்பல். எப்பவும் நான் யாரோதான்."

கப்பல்காரர்களைக் கரைக்கும் கப்பலுக்கும் ஏற்றி இறக்குவதே பிழைப்பாக இருந்தவன் நான். அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று அதுவரை யோசித்ததே இல்லை. யோசித்தால் இந்த வேலை செய்ய முடியாது என்பதும் ஒரு காரணம். மணியைப் பார்த்து எழுந்தேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

5. துறைமுக வாசல்

டவுனிலிருந்து புது ஹார்பருக்குக் கொஞ்சம் தூரம். ராணியையும் பிள்ளையையும் வாசல்வரை கூட்டிப்போய், ஜெரால்டை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பி வந்து அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வழியெல்லாம் பிள்ளை அம்மா மடியில் குப்புறக் கிடந்தது. ஜெரால்டு முன்சீட்டில். உப்பளத்துப் பக்கமிருந்து அடித்த காற்றில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு ஓட்டினேன்.

வாசலுக்கு வெளியே ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். உள்ளே போகிறவர்கள் யாராக இருந்தாலும் ஹெல்மெட்டும் ஒளிரும் பச்சைச் சட்டையும் போட வேண்டும். அது துறைமுகச் சட்டம். நிலக்கரி இறக்குகிற நாள் என்றால் மூக்குக்கு மாஸ்க்கும் போட்டுக்கொள்வோம், இல்லாவிட்டால் இரண்டு நாளைக்குக் கறுப்புச் சளிதான். ஜெரால்டு இறங்கி, சட்டைமேல் பச்சையை மாட்டினார், மஞ்சள் ஹெல்மெட்டை வைத்து வாரை இழுத்துக் கட்டினார், மாஸ்க்கை மூக்குவரை ஏற்றினார். பின் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"போய்ட்டு வாரேன் ராணி. பிள்ளைய ஏசாத, என்ன."

மடியில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கியது. அவரையே பார்த்தது. எச்சில் ஒழுகிய வாயிலிருந்து விரலை எடுத்தது.

"அப்பா" என்றது.

சத்தமாகச் சொல்லவில்லை. சாதாரணமாக, தினம் கூப்பிடுகிற மாதிரி சொன்னது. பிறகு இரண்டு கையையும் ஜன்னலுக்கு வெளியே நீட்டியது. "அப்பா, தூக்கு."

ஜெரால்டு அவசரமாக மாஸ்க்கைக் கழற்றப் போனார்.

"கழட்டாதீய!" என்று ராணி கத்தினாள். "அப்படியே நில்லுங்க! ஒண்ணையும் கழட்டாதீய!"

அவர் அப்படியே நின்றார். ராணி பிள்ளையை ஜன்னல் வழியாகவே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிள்ளை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டைத் தட்டியது. வாரைப் பிடித்து இழுத்தது. "அப்பா தொப்பி" என்றது. மாஸ்க்குக்குள் அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.

"டெக்குல நின்னாத்தான் டவர் கெடைக்குமாம் அண்ணாச்சி" என்றாள் ராணி என்னிடம். "கூப்பிடும்போதெல்லாம் இந்தத் தொப்பிதான் தலையில கெடக்கும். எனக்கு ஒறைக்கவே இல்லயே. பாவி, எனக்கு ஒறைக்கவே இல்லயே."

எனக்கும்தான் உறைக்கவில்லை. மழித்த முகத்தை மாஸ்க் மறைத்துவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்த அப்பா ஹெல்மெட்டும் இரண்டு கண்ணும்தான். அந்த ஆளை மதியம் முழுக்க வண்டியில் ஒரு பைக்குள் போட்டு மூடி வைத்துவிட்டு, ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வாசல் காவலர் எங்கள் பாஸை வாங்கிப் பார்த்தார். சிலர் அதைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். எத்தனையோ நாள் அந்தத் தாமதத்துக்காக மனதுக்குள் திட்டியிருக்கிறேன். அன்று இவர் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படிக்கட்டும் என்றிருந்தது. ஆனால் அன்றைக்கென்று சட்டென்று படித்துக் கொடுத்துவிட்டார்.

ஆறு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ஜெரால்டு, ஏறுங்க."

பிள்ளையை அவரிடமிருந்து பிரிப்பது லேசாக இல்லை. ஹெல்மெட் வாரை விடாமல் பிடித்துக்கொண்டது. ராணி ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது. வண்டி உள்ளே நகர்ந்தபோது, டீக்கடை வாசலில் நின்று அது போட்ட கூச்சல் பாதி தூரம்வரை கேட்டது. கோவிலில் போட்டதைவிட இரண்டு மடங்கு.

ஜெரால்டு மாஸ்க்கை இறக்கினார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"கேட்டீயளா அண்ணாச்சி?"

"கேட்டேன்."

"என்னைய விட்டுப் போவ மாட்டேன்னு அழுதா."

பெர்த் வரும்வரை இதையே வேறு வேறு விதமாகச் சொன்னார். மதியமெல்லாம் அந்தப் பிள்ளை அழுததுக்கெல்லாம் தலைகுனிந்து நடந்தவர், இந்த அழுகையை மட்டும் பரிசு வாங்கினவன் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். கேங்வேயில் பாதி ஏறியதும் திரும்பி, "ரொம்ப அழுதா, என்ன?" என்று மேலிருந்து கத்திக் கேட்டார். ஆமாம் என்று கையைக் காட்டினேன். அவர் டெக்குக்குள் போய் மறையும்வரை நின்றேன். முழங்கால் வலித்தது.

வெளியே வந்தபோது பிள்ளை விக்கி விக்கித் தூங்கியிருந்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது ராணி கேட்டாள்: "இந்தக் கப்பல் இன்னொரு தடவ இங்கன வருமா அண்ணாச்சி?" கப்பல் எங்கே போக வேண்டும் என்பதை எங்கோ ஒரு நாட்டில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்திருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். தெரியாதும்மா என்றேன். வருமென்று பொய் சொல்லத் தெம்பு இல்லை. மேனேஜருக்குப் போன் பண்ணி ஆளை ஏற்றிவிட்டேன் என்று சொன்னேன். சரி, அடுத்த கப்பலை உள்ளே கொண்டுவரப் பைலட் ஏறியாச்சு, நீர் நேரே பெர்த்துக்கு வந்துவிடும் என்றார்.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகள் சில பேர் என்னிடம், கரைக்கு வருகிறவர்களை எங்கெங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்கிறார்கள். மாதா கோவில், மக்ரூன், தோணி, பரோட்டா எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன, எந்த வரிசையில் வேண்டுமானாலும் காட்டுங்கள் என்கிறேன். ஆனால் பார்க்க வீட்டு ஆட்கள் வருகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வருகிறார்கள் என்றால் ஆள் கப்பலிலிருந்து எப்படி இறங்கினானோ அப்படியே கொண்டுபோய் நிறுத்துங்கள், அழுக்குச் சட்டையும் ஹெல்மெட்டுமாக. சலூன் கடைசியில். நேரம் போதவில்லை என்றால் தாடியோடே கப்பலேறட்டும்.